கட்டைவிரலில் ஒரு பெயர்

இல்லை, என் நைனா. கையில் இல்லை. காலில்.

இறந்தவரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கட்டில். நீ இறந்துபோன அந்த ஆஸ்பத்திரியில் திங்கள்கிழமையிலிருந்து அப்படித்தான். வெள்ளைத் துணிப்பட்டை. அதில் பெயர், ஊர், மிஷின் படிக்கிற ஒரு கறுப்புக் கட்டம். கட்டுவது வீட்டு ஆள். பக்கத்தில் நின்று பார்ப்பது சிஸ்டர்.

"இதுல இன்னாமா பெரிய வேலை கீது?" என்று நீ கேட்பாய். கேட்டுவிட்டு டீயை ஊதுவாய். பதில் கொஞ்சம் நீளம். உனக்குத்தான் இப்போது ஷிப்ட் இல்லையே. கேள்.

மிஷினுக்கும் உனக்கும் ஒத்துப்போனதே இல்லை. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பி உருட்டும் ஆலை. சிவந்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. கையுறை போட்டாலும் சூடு உள்ளே போகும். வருஷங்கள் போகப்போக உன் விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. ரேகை என்று ஒன்றும் இல்லை. புதுவாயல் ரேஷன் கடையில் நீ மிஷினில் விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தால் சிவப்பு. தலையில் தேய்த்து எண்ணெய் தொட்டு வைத்தால் அப்போதும் சிவப்பு.

"இன்னா தலைவரே, நீ உயிரோட கீறியா இல்லியா?" என்பார் கடைக்காரர்.

"கீறேன்பா. மிஷினுதான் நம்ப மாட்டேங்குது."

வரிசை முழுக்கச் சிரிக்கும். பிறகு அம்மா வந்து விரல் வைப்பாள். பச்சை எரியும். "பாத்தியா, ஊட்லதான் அவ ராஜ்ஜியம்னு நெனச்சேன். இங்கியும் அவதான்" என்பாய். அரிசியை மட்டும் திட்டுவாய். ரேஷன் அரிசிச் சோற்றை நீ ஒருநாளும் பேசாமல் சாப்பிட்டதில்லை.

ஒருவரைத் தெரியாது என்று மிஷின் சொல்லும்போது, தெரியும் என்று யார் வந்து விரல் வைக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் ஒரு வருஷம் இருந்தேன்.

உன் கடைசி நாட்கள் உனக்குத் தெரிந்திருக்குமா? நுரையீரல். மூச்சுக்காக ஒரு குழாய். அதை முகத்தில் ஒட்டுவதற்காக உன் மீசையை எடுத்துவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. நான் ஹைதராபாத்தில், கடைசிப் பருவத் தேர்வில். அம்மா போனில் சொன்னாள்: "மீசைய எடுத்துட்டாங்கடி. யாரோ மாரி கீறாரு." நான் லேசாகச் சிரித்தேன். மீசை இல்லாத உன்னை நான் பார்த்ததே இல்லை.

இப்போதும் இல்லை.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் நீ போனாய். அம்மா செய்ய வேண்டியதைச் செய்தாள். சிஸ்டரிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினாள். உன் அரைஞாண் கயிற்றை அறுத்தாள். தாயத்தை எடுத்தாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரி மாட்டியிருந்த நீல வளையத்தையும் வெட்டினாள். போகிறவர் உடம்பில் கட்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். அந்த வளையத்தில் உன் பெயர் இருந்தது, வார்டு இருந்தது. அம்மாவுக்கு அது இன்னொரு கயிறு. பிறகு, கட்ட வேண்டியதைக் கட்டினாள். கட்டியிருந்த பச்சைப் புடவையின் முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, உன் கால் கட்டைவிரல்களுக்கு.

நான் வரும்வரை உன்னைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ரயில் கும்மிடிப்பூண்டியில் நிற்கவில்லை. விடிந்துகொண்டிருந்தது. ஆலைப் புகைபோக்கிகள், நடைமேடையில் ஷிப்டுக்கு வந்து இறங்கியவர்கள், டிபன் தூக்குகள். எல்லாம் ஒரே கோடாக ஓடின. சென்னை போய்த் திரும்பி வந்தேன்.

பிணவறையில் மணி அண்ணன் பெட்டியை இழுத்தார். அங்கே வேலை பார்ப்பவர், மெல்லப் பேசுகிறவர். முகத்துணியை விலக்கினார். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். வெள்ளை பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தது.

"இது அவுரு இல்ல."

"யம்மா, அழுது அழுது கண்ணு மங்கியிருக்கும். மூஞ்ச நல்லா பாரு. செத்தா மூஞ்சி மாறிடும்."

"மூஞ்சி மாறும்பா. என் பொடவ மாறுமா?"

மணி அண்ணன் அந்த மனிதரின் கையைத் தூக்கிப் பார்த்தார். வளையம் இல்லை.

"கையில போட்ட பேண்டு எங்கம்மா?"

"நான் அறுத்துட்டேன்."

அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் பிற்பகல் அதே வார்டிலிருந்து இன்னொருவரும் வந்திருந்தார். திருவாலங்காட்டைத் தாண்டி ஒரு கிராமம், நெல் விவசாயி. பொழுது சாய்வதற்குள் எரிக்க வேண்டும் என்று அவர் வீட்டார் அவசரமாக வந்து எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்துப் போனது உன்னை.

அவர்கள் வீட்டு நம்பருக்கு நான்தான் பேசினேன். மகன் எடுத்தார். வேலு என்று பெயர். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது. பிறகு அவர் குரல்.

"எரிச்சிட்டோமேமா."

அவ்வளவுதான். வேறு எந்த வார்த்தை அங்கே பொருந்தும்? இன்றைக்கும் தேடுகிறேன்.

அவரே வந்தார். மொட்டைத் தலை. ஒரு மண்கலயத்தை மஞ்சள் துணியால் மூடி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதை என்னிடம் கொடுத்தார். தன் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், இரண்டாவது முறை கொள்ளி வைக்க. மறுபடி எடுக்கத் தலையில் முடி இல்லை.

உனக்கு ஆண்பிள்ளை இல்லை என்று சிலர் சொல்லிக்காட்டுவார்கள், நீ காதில் வாங்க மாட்டாய். உனக்காக ஒருவர் மொட்டை அடித்தார் நைனா. நீ யாரென்று தெரியாமல்.

உன்னைப் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கரைத்தோம். கலயம் இன்னும் லேசாகச் சூடாக இருந்தது போல எனக்குத் தோன்றியது. இருந்திருக்காது.

புகார் கொடுக்கலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டாள். "இன்னான்னு சொல்றது? அறுத்தவ நானு." அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பச்சைப் புடவை பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. உன் படத்துக்கு விளக்கு ஏற்றினாள். சோறு வைக்கவில்லை. அமாவாசைக்கு வைக்கவில்லை, ஆடிக்கு வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். துக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். துக்கம் என்றால் நாளாக நாளாகக் கொஞ்சம் ஆறும். இது வேறு.

எனக்கு வேலை கிடைத்தது. இலக்கியம் படித்தவளுக்கு ஆஸ்பத்திரி மென்பொருள் கம்பெனியில் என்ன வேலை? திரையில் வருகிற தமிழை எழுதுகிற வேலை. 'இங்கே தொடவும்.' 'ரத்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.' இறந்தவர்களை அடையாளம் காண்பதற்கு ஒரு புதிய ஏற்பாடு வரப்போகிறது, அதற்கும் தமிழ் வேண்டும் என்றபோது நான் கையைத் தூக்கினேன். எந்த ஆஸ்பத்திரி என்று பிறகுதான் சொன்னார்கள். நீ இறந்த அதே ஆஸ்பத்திரி.

ஏற்பாடு எளிமையானது. சேரும்போதே நோயாளியைப் படம் எடுப்பார்கள், வீங்குவதற்கு முன், மழிப்பதற்கு முன். கை வளையத்தில் ஒரு கறுப்புக் கட்டம். இறந்தால் அதை மிஷினால் படிக்க வேண்டும். பிணவறைக்குள் போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. அழைத்துப் போக வந்தவரின் சீட்டோடு பொருந்தினால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு, யாரும் நகர முடியாது.

முதல் வரைவில் திரையில் 'உடல் எண்' என்று இருந்தது. எண்ணைக் கீழே இறக்கி, மேலே பெயர் வருகிறமாதிரி மாற்றினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அப்புறம் ஒரு பலகைக்கு வாசகம் கேட்டார்கள். வார்டு சுவரில் மாட்ட. இறந்தவரின் கை வளையத்தை உறவினர்கள் அகற்றக் கூடாது, மீறினால் உடல் தரப்படாது. நான்கைந்து வார்த்தைகளில், உறுதியாக.

எழுத முடியவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். ஒவ்வொரு வாக்கியமும் அம்மாவைப் பார்த்து விரலை நீட்டியது. எழுதினாலும் யார் கேட்பார்கள்? பலகையைப் படித்துவிட்டா அழுகிறார்கள்? அடுத்த அம்மாவும் அறுப்பாள். அப்போது திரையில் எரிகிற பச்சைக்கு என்ன அர்த்தம்?

உன் வருஷத் திதி நெருங்கியது. இந்த முறையாவது படைக்கலாம் என்றேன்.

"யாருக்குப் படைக்கிறது? அந்த வாய்க்கு அரிசி போட்டவ வேற ஒருத்தி. நான் போடல. போடாத கையால படைச்சா அவுரு துன்னுவாரா?"

ஒரு வருஷம் கழித்து வந்த பதில் நைனா. மாடிக்குப் போய் வேலுவுக்கு போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். "எங்க அம்மாவ இட்டுக்கினு வரேன்" என்றார்.

திதியன்று காலையில் வந்தார்கள். வேலுவுக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது. அவர் அம்மா குள்ளமான, கணீரென்ற குரல்காரி. செருப்பை வாசலில் விடும்போதே உன் படத்தைப் பார்த்துவிட்டார்.

"அட, மீசை வச்ச மனுசனா இவுரு!"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஆமாக்கா. ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க."

"அதாம்மா நான் ஏமாந்தேன். எங்காளுக்கு மீசையே கெடையாது. மூஞ்சி ஊதிக்கீதே, நோவு மாத்திடுச்சின்னு நெனச்சேன். என் கொழுந்தன்கூட ஒரு மாரி பாத்தாரு. சாவு ஊட்ல நின்னுக்கினு, இது யாருன்னு கேக்க முடியுமா?"

"கையில பேர் போட்டிருந்துச்சிக்கா. நாந்தான் அறுத்துட்டேன். அத அறுக்காம உட்டிருந்தா..."

அந்த அம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ மட்டுமா அறுத்த? நானுந்தான். எங்காளு கையிலயும் அந்த பிளாஸ்டிக் வளையலு. கட்டோட அனுப்பக்கூடாதுன்னு நானும் அறுத்துப்போட்டேன். ரெண்டுல ஒண்ணு இருந்திருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

"நீங்களுமா?"

"பின்ன? நீ இன்னாத்தால அறுத்த?"

"கத்திரிக்கோலு கேட்டு வாங்கி."

"பெரிய ஆபீசரு ஊட்டம்மாதான் நீ. நான் பல்லால கடிச்சேன். அன்னிக்கி ஆடுன பல்லு தை மாசம் வுழுந்துடுச்சி." வாயைத் திறந்து காட்டினார்.

அம்மா சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு அப்படியே அழுதாள். அவர் அவள் முதுகில் கை வைத்திருந்தார்.

கொஞ்சம் கழித்து அம்மா கேட்டாள். ஒரு வருஷமாக வைத்திருந்த கேள்வி.

"வாய்க்கரிசி யாரு போட்டதுக்கா?"

"நாந்தான். கை நெறைய. எங்க கயனில வெளஞ்ச நெல்லு, புது அரிசி. போட்டுட்டு, பசியோட போவாதய்யான்னு சொல்லி அழுதேன்."

அம்மா உன் படத்தைப் பார்த்தாள்.

"ரேசன் அரிசின்னா மூஞ்ச சுளிப்பாரு. கடைசில நல்ல அரிசிதான் துன்னுட்டுப் போயிருக்காரு."

"கால்ல ஒரு பச்சைத் துணி கட்டியிருந்துச்சி. ஆஸ்பத்திரில இந்த மாரி நல்ல துணியெல்லாம் கட்டுறாங்களேன்னு நெனச்சேன். வெட்டியாரு அவுத்தாரு. தூக்கிப் போட மனசு வரல, நெஞ்சு மேல வையின்னு சொன்னேன்."

"அது என் பொடவைக்கா."

"உன் பொடவையா!"

"அப்ப நான் கட்டுனது கூடவே போயிருக்கு."

"கூடவேதான் போச்சி. நான் பாத்தேன்."

நான் வாழை இலையைக் கழுவிக்கொண்டு நின்றேன். தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கயிறு போயிற்று, தாயத்து போயிற்று, வளையம் போயிற்று. கட்டைவிரல் கட்டு மட்டும் வார்டிலிருந்து பிணவறைக்கு, பிணவறையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து சிதைவரைக்கும் உன்னோடு வந்திருக்கிறது. நாம் அறுக்காத ஒரே கட்டு. அதில் பெயர் எழுத யாருக்குமே தோன்றவில்லை.

அன்றைக்கு அம்மா படைத்தாள் நைனா. வேலுவின் அம்மா ஒரு பையில் அரிசி கொண்டுவந்திருந்தார். அதைத்தான் வடித்தார்கள். நீ குறை சொல்லாமல் சாப்பிட்ட சோறு.

மறுவாரம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் சொன்னேன். வளையத்தை அறுக்கட்டும். அறுப்பதற்கு முன் அதை மிஷினில் படித்துவிட்டால், அதே பெயரோடு ஒரு துணிப்பட்டை அச்சாகி வரட்டும். சட்டைக் காலரில் தைக்கிற துணி லேபிள் அச்சடிக்கும் மிஷின் போதும். நனைந்தாலும், குளிரில் வைத்தாலும் எழுத்து போகாது. அதை வீட்டார் காலில் கட்டட்டும். கட்டத்தான் போகிறார்கள்.

அதிகாரி யோசித்தார். "வளையத்தை அறுக்காதீங்கன்னு கண்டிப்பா சொன்னா போதாதா?"

மூத்த சிஸ்டர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். "சார், அழுதுக்கினே கத்திரி கேப்பாங்க. நானே எடுத்துக் குடுத்திருக்கேன். இனிமேலும் குடுப்பேன்." எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். உன் வார்டு சிஸ்டர் இவர்தானா? கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வேன்?

அதிகாரி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். "எங்கப்பாவுக்கும் அறுத்தோம்" என்றார், வெளியே பார்த்தபடி. சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

பலகைக்கு வாசகம் வந்துவிட்டது. 'வளையத்தை அறுக்கும் முன் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.' நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கள்கிழமை முதல் ஆள். எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர். அவர் மனைவி, நம் அம்மா வயது, சிஸ்டரிடம் கேட்டார்: "அறுக்கலாமா?" சிஸ்டர் வளையத்தைப் படித்தார். திரையில் அவர் சேர்ந்த அன்றைய முகம் வந்தது. நல்ல அடர்த்தியான மீசை. அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோல் கொடுத்தார்கள். அச்சு மிஷின் சின்னதாகக் கரகரத்தது.

"இது இன்னாமா?" என்று என்னைக் கேட்டார்.

"அவர் பேரும்மா. நீங்களே கட்டுங்க."

கட்டினார். இரண்டு முடிச்சு போட்டார்.

சாயங்காலம் அவரை எடுத்துப் போக மகன்கள் வந்தார்கள். மணி அண்ணன் பெட்டியை இழுத்து, மிஷினைக் காலருகில் கொண்டுபோனார். நான் சுவரோரம் நின்றேன். பச்சை எரிந்தது. பெயர் வந்தது. மணி அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார், ஒருவரைக் கூப்பிடுவது போல. அப்படிப் படிக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகன்கள் முகத்துணியை விலக்கிப் பார்த்து, ஆமாம் என்றார்கள்.

மிஷினுக்கு அவரைத் தெரிந்திருந்தது. கட்டியது யார் என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். மின்சாரம் போகும். துணிச்சுருள் தீரும். அவசரத்தில் யாராவது படிக்காமல் விடுவார்கள். வேறு ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் காகிதச் சீட்டுதான். மீசையில்லாத உன் முகத்தை நான் இனி எந்தத் திரையிலும் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு வாக்கு தருகிறேன். அந்தப் பலகை எந்த வார்டில் இல்லையோ அங்கே கொண்டுபோய் மாட்டுவேன். யாருடைய மகளாவது தூரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினால், அவள் பார்க்க வந்த முகம் அங்கே இருக்க வேண்டும். அதுவரை விடமாட்டேன் நைனா.

வேலு அண்ணன் பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். உனக்குக் கொள்ளி வைத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

மிஷின் நம்பாத உன் விரலைப் பிடித்து நடந்தவள்,
உன் மகள் கலை

எழுதிவிட்டு வெளியே வந்தேன். அம்மா பச்சைப் புடவையைத் துவைத்து உதறிக்கொண்டிருந்தாள். கிழிந்த முனையை நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாகக் கொடியில் போட்டோம்.